மாற்றி வாசித்த வரி

மெர்லிமாவ் ரப்பர் தோட்டம்
தாது வருடம் பங்குனி 18

சௌபாக்கியவதி மகள் அன்னம்மாவுக்கு, உன் அப்பன் மருதமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இந்தத் தாளை வாய்விட்டு வாசிக்காதே, தனியாக உட்கார்ந்து வாசி. அந்த வீட்டில் எழுத்தறிந்தவள் நீ ஒருத்திதான் என்பதால்தான் இவ்வளவு துணிந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே மதராஸ் எலெக்‌ஷன் முடிவு இங்கே வந்துவிட்டது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பேப்பரைப் பார்த்து, வெள்ளைக்காரனை எதிர்க்கிற கட்சியின் மஞ்சள் பெட்டி ஜெயித்துவிட்டது என்று சொன்னதும் லயத்து வீடெல்லாம் கூத்தாடியது. வீராசாமி தன் பனியனை மஞ்சளில் முக்கிப் போட்டுக்கொண்டு பால் வெட்டப் போனான், துரை கேட்டதற்கு மஞ்சக்காமாலைக்கு வைத்தியம் என்றானாம். நமக்கு இங்கேயும் ஓட்டுக் கிடையாது, அங்கேயும் கிடையாது, காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தவிர நம்மை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. இருந்தும் ஏன் இத்தனை ஆட்டம் என்றால், இந்த லயத்தில் வளர்ந்த ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்காக அங்கே ஓட்டுப் போடும் உரிமை பெற்றிருக்கிறாள் அல்லவா, அதனால்தான். உன் கடிதம் எப்போது வரும் என்று எல்லோரும் என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க் கடிதம் வந்தால் குழாயடியில் கூடி வாசிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் லயத்துக் கடிதமெல்லாம் உன் கையில்தானே பிரியும். முத்தாயிக்கு அவள் தாய் இறந்த கடிதம் வந்தபோது, அவள் நிறைமாதமாக இருக்கிறாளே என்று அந்த வரியை விழுங்கிவிட்டு, ஆத்தா சுகமா இருக்காங்களாம் என்று வாசித்தாய். எனக்குத் தெரிந்தபிறகு, பொய் வாசிக்கலாமா என்று உன்னை அடித்தேன். நீ அழவில்லை, புள்ள பொறக்கட்டும்பா, அப்புறம் சொல்லிக்கலாம் என்றாய். அன்றைக்கு உன்னை அடித்ததை நினைத்தால் இப்போது என் கைதான் வலிக்கிறது. சாயங்காலம் என் மரத்துப்போன விரலைப் பிடித்து சிலேட்டில் ஆனா ஆவன்னா எழுதவைப்பாய், கோணலாக வந்தால் வாத்தியாரைப்போல நெற்றியில் அடித்துக்கொள்வாய். நீ போட்ட எழுத்துத்தான் இது. ரப்பர் விலை விழுந்த வருடம் தோட்டத்து ஆட்களில் பாதிப்பேரை ஊருக்குக் கப்பலேற்றியபோது உன்னையும் அத்தையோடு அனுப்பிவிட்டேன். ஆறு வருடமாகிறது, யார் கடிதம் பிரித்தாலும் உன் குரல்தான் காதில் விழுகிறது.

நடந்ததைக் கேள். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தேன். மாமனார் மிராசுதார் பெட்டியில் போடச் சொன்னார், நான் மஞ்சள் பெட்டியில்தான் போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதில் மஞ்சள் என்பதுவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே தம்புசாமிக் கங்காணி நிற்கிறார். அவர் உங்கள் மிராசுதாருக்குப் பங்காளி, மாதம் தவறாமல் ஊருக்குக் கடிதம் போடுகிறவர். தோற்றுப்போன ஆத்திரத்தில் இருக்கிற மிராசுதார் காதில் இது விழுந்தால் உன் மாமனாரின் குத்தகை நிலம் போகும், அப்புறம் அந்த வீட்டில் நீ என்ன பாடுபடுவாய்? மஞ்சள் பெட்டிப் பக்கமே போகவில்லை, மாமனார் சொன்னபடியே போட்டுவிட்டேன் என்று வாசித்து, தாளை மடித்துவிட்டேன்.

முத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். இதுக்கா அவள படிக்க வெச்சீங்க அண்ணே என்றாள். வீராசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனான். கங்காணி மட்டும் என் தோளைத் தட்டி, பிள்ளைய நல்லா வளத்திருக்க லா மருதமுத்து என்றார். அந்தப் பாராட்டைப்போல ஒரு வசவை நான் பிறந்தது முதல் வாங்கியதில்லை. என் மகள் செய்ததைக் கேளுங்கடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். நீ எழுதியதில் நான் எரித்தது அது ஒன்றுதான்.

உன் அம்மாவும் நான் வாசித்ததைத்தான் நம்பினாள். இரண்டு நாள் உன் பேரைச் சொல்லவே இல்லை, எனக்குக் கஞ்சி ஊற்றும்போது அகப்பைச் சத்தம்தான் பேசியது. பொறுக்கமுடியாமல் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் பாசாருக்கு நடந்து போகையில், முன்னும் பின்னும் ஆளில்லை என்று பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன். கூடையை இறக்கிவைத்து நடுப்பாதையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இப்போது குழாயடியில் யாராவது உன்னைக் குறை சொன்னால் அவர்களைவிடச் சத்தமாக உன்னைத் திட்டுகிறாள், கங்காணி வீடுவரை கேட்கிறது. உனக்கு அடிக்கடி விக்கல் வந்தால் பயப்படாதே.

செய்தது சரியா தப்பா என்று கேட்டிருந்தாய். ஓட்டு உன்னுடையது அம்மா, நீ நினைத்தபடி போட்டாய், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. மாமனாரை எதிர்த்துப் பேசாதே, மாப்பிள்ளையிடமும் காலம் பார்த்துச் சொல். இனிமேல் எனக்கு எழுதினால் குழாயடிக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள் என்று இரண்டாக எழுது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாரியாத்தா உன்னைப் பதினாறும் பெற்று வாழவைப்பாள்.

இந்தத் தாளை வாசித்ததும் எரித்துவிடு. கூட வைத்திருக்கும் இன்னொரு தாளில் வீராசாமி மகள் கல்யாணச் சேதி இருக்கிறது, அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிப் பத்திரமாக வைத்துக்கொள். அதன் அடியில் உன் அம்மா மஞ்சளைத் தொட்டுத் தன் கட்டைவிரலைப் பதித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு வைத்த மஞ்சள் என்று உன் மாமனார் நினைத்துக்கொள்ளட்டும். பதித்துவிட்டு அவள் என்னிடம் சொன்னது, நானும் போட்டுட்டேன்னு அவளுக்கு எழுதுங்க என்று.

இப்படிக்கு, உன் அப்பன்
மருதமுத்து