ஸ்டோர் ரூம் ஃப்ரிட்ஜில் லாகர்

அக்டோபர் 10, வெள்ளி

அரை நாள் பள்ளி. இன்னும் புழுக்கம். ஜன்னல் கண்ணாடியில் ஆவி. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் பாதியில்.

அப்பா இன்று பியர் காய்ச்சினார். லேசான லாகர், டின்னில் விற்பது போல் தெளிவாக வர வேண்டுமாம். பார்லி மால்ட் போன லீவில் கோவையிலிருந்து 'சத்துமாவு' என்று பெட்டியில் வந்தது. அம்மாவின் பொன்னி அரிசியும் போயிற்று. குழைய வேகவைத்து மால்ட்டோடு கலந்தால்தான் கனமில்லாமல் இருக்குமாம்.

"ஒரு கஞ்சிக்கு இத்தனை அலப்பறைங்களா?" அம்மா.

அப்பாவுக்கு துபாய் ஜூஸ் ஃபேக்டரியில் குவாலிட்டி வேலை. யாரோ எழுதிய ஃபார்முலாவையே வருஷக்கணக்காக ருசி பார்க்கிறார். லேசான பியரில் தப்பை ஒளிக்க இடமே இல்லை, அதனால்தான் இந்த ஆசை என்றார்.

இந்த நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம். மாட்டினால் வேலை, விசா, என் போர்டு எக்ஸாம் எல்லாம் போகும். சொன்னேன்.

"ஒரே தடவை கண்ணு. அப்புறம் கலாஸ், முடிஞ்சுது."

அக்டோபர் 12, ஞாயிறு

தூக்கமில்லை. பியர் பக்கெட் ஸ்டோர் ரூம் ஃப்ரிட்ஜில், பன்னிரண்டு டிகிரியில். மூடியில் குழாய், குழாய் முனை தண்ணீர் பாட்டிலுக்குள். குமிழி வருகிறதா என்று அப்பா போய்ப் போய்ப் பார்க்கிறார். நானும்.

குமிழி வருகிறது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். கெட்டுவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். தேடிப் படித்தேன்: லாகர் ஈஸ்ட் கந்தக வாசனை விடும், குளிரில் சில வாரம் வைத்தால் தானாகப் போய்விடும். அப்பாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊதுபத்தி. ரூம் ஸ்ப்ரே. இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம்.

அக்டோபர் 14, செவ்வாய்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஸ்கூல் பஸ்ஸிலிருந்து வந்தால், எதிர் ஃப்ளாட் ஜரீனா லாத்தா வராண்டாவில், மூக்கில் துப்பட்டா. "கேஸ் லீக் போல இருக்கும்மா. வாட்ச்மேன்ட்ட சொல்லிட்டேன். கேஸ் ஆளைக் கூட்டிக்கிட்டு வீடு வீடா பாக்குறான். புள்ளைங்க இருக்கிற எடம்ல?" நல்ல மனசு. அதுதான் பயம்.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். ஷார்ஜா டிராஃபிக்கில் நிற்கிறார். கதவைத் திறக்காதே என்றார். கேஸ் என்றால் கதவை உடைத்துக்கொண்டு வருவார்களே என்று நான் கத்தினேன். மறுமுனையில் அப்பா ஹாரனை அடித்தார். பிறகு, "பத்து நிமிஷத்துல வந்தர்றேன்." ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்பது மூவருக்கும் தெரியும். பியரைக் கொட்டிவிடு என்று அவர் வாயால் வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பக்கெட்டின் ஒரு பக்கம் பிடித்தேன்.

பாத்ரூம் வரை இழுத்துப் போய்ச் சாய்த்தோம். நுரை. நாற்றம். ப்ளீச். குழாயை என் ஸ்கூல் பையில் திணித்தேன்.

கேஸ் ஆள் பைப்பில் சோப்பு நுரை தடவினார். லீக் மாஃபி, எதுவும் இல்லை என்றார். ஸ்டோர் ரூம் ஃப்ரிட்ஜைத் திறந்து, காலியாக ஏன் ஓடுகிறது என்று இந்தியில் கேட்டார். "தீபாவளி பலகாரத்துக்கு, பாய்," என்றாள் அம்மா, யோசிக்காமல். போய்விட்டார்கள்.

அப்பா இருட்டிய பிறகு வந்தார். ஷூ கழற்றாமல் ஸ்டோர் ரூமுக்குப் போனார். திட்டவில்லை. காலி ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிவிட்டு, "கலர் எப்படி இருந்துச்சு கண்ணு?"

அரிசி கழுவின தண்ணீர் போல் கலங்கலாக இருந்தது.

"வெளிர் மஞ்சள்ப்பா. அடி வரைக்கும் தெரிஞ்சுது."

இத்தனை சீக்கிரம் தெளியாது. அப்பாவுக்குத் தெரியாததா. தலையாட்டினார்.