குட்டிகளின் பொடியைத் தின்றவன்

என் வீட்டு எஜமானிக்கு,

முதலில் என் மானம் போன கதை. நீ வாங்கி வைத்த பொடியைப் பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் கலப்பதற்கு முன் ருசி பார்த்தேன். லேசான இனிப்பு. இரண்டு கரண்டி உள்ளே போய்விட்டது. பிறகு என் வயிறு போட்ட சத்தத்தில் பன்றிகளே திரும்பிப் பார்த்தன.

கால்நடை டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, அது குட்டிங்க குடல்ல இருக்கிற நல்ல கிருமிக்குத் தீனி. உங்களுக்கு இல்ல!"

பால் மறந்த குட்டிகளில் கடைசிக் குட்டிக்கு மட்டும் கழிச்சல் நிற்கவில்லை. "பொடியைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், குடல் பழகணும்ல" என்றார். எடுத்த எடுப்பில் முழு அளவையும் கொட்டியது என் அவசரப் புத்தி. இன்று அந்தக் குட்டி தொட்டியில் மூக்கை வைத்தது. தின்றதா, முகர்ந்ததா, தெரியவில்லை. அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

நாளை உன் குடலில் ஆபரேஷன் முடிகிறவரை வெளியே பெஞ்சில்தான் இருப்பேன். குட்டிகளை உன் தம்பி பார்த்துக்கொள்வான்.

இன்று காலை வார்டில், "என்னங்க, பயமா இருக்கா?" என்று கேட்டாய். "எனக்கென்னடி பயம், பன்னியே என்னைப் பாத்துப் பயப்படுது" என்றேன். நீயும் சிரித்தாய். நீ இல்லாத வீட்டின் பூட்டைத் திறக்கும்போது பழக்கத்தில் உன்னைக் கூப்பிட்டுவிடுவதை மட்டும் சொல்லவில்லை.

உன் பிள்ளைகளின் அப்பா