இம்முகவரியில் இல்லை

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பினாலும் நீ பேசப் போவதில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

இன்று பதினொரு மணிக்கு விசாரணைக்குப் போலீஸ்காரர் மறுபடி வருகிறார். தயவுசெய்து வெளியே போய்விடாதே. துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க மனுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்டேஷனுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஃபைல் ஏன் நகரவில்லை என்று நேற்றுத்தான் அங்கே எடுத்துக் காட்டினார்கள். போன தடவை, நாம் சண்டை போட்ட அன்று, போலீஸ்காரர் வந்து என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்படி ஒரு மனுஷனே இந்த வீட்ல இல்ல" என்று கதவைச் சாத்தினாயாமே. அவர் அதை அப்படியே எழுதிவிட்டார்: ‘மேற்படி நபர் இம்முகவரியில் இல்லை.’

லைசென்ஸ் முடிந்துபோனதால் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கிறது. நான் வங்கி வாசலில் வெறுங்கையோடு காவல் நிற்கிறேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் வரலேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்கிறார் மேனேஜர். இருபது வருஷ வேலை. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

சண்டை அப்படியே இருக்கட்டும், சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் மட்டும் "இருக்காரு, இங்கதான் இருக்காரு" என்று சொல்லிவிடு.

பீரோ சாவி கடிகாரத்துக்குப் பின்னால். முகவரிச் சான்று மேல் தட்டில்.

இன்னொன்று. அவர் போன பிறகு, அதையே என்னிடமும் ஒரு தடவை சொல்.