பொன்னாகும் உடம்பு

அன்புள்ள அம்மாவுக்கு மகனின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

எங்கள் சாயப்பட்டறையின் கழிவு வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி தளதளவென்று வளர்ந்து கிடக்கிறது. கண்ணுக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்பாயே, இரண்டு மாதமாகத் தினமும் பறித்து வதக்கிக்கொள்கிறேன். "ஆடுகூட அதுல வாய் வைக்காதுப்பா," என்றார் காவலாளி. ஆட்டுக்கு அதன் அம்மா சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்றேன்.

தின்றால் உடம்பு பொன்னாகும் என்பாய். ஆகிவிட்டது! நகமெல்லாம் மஞ்சள். சாயம்தான் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. கண்ணும் மஞ்சள் என்று சொல்லி, அறையில் இருப்பவர்கள் என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள். தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கவில்லை.

வாய் கசக்கிறது, கொஞ்சம் புளி அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. பயப்படாதே அம்மா, சீக்கிரம் தேறட்டும் என்று நேற்றிலிருந்து இரண்டு வேளையும் கீரைதான்.

உன் மகன்