கை தொடாத வியாழன்

மார்ச் 12, செவ்வாய்

பெரிய நோன்பின் இரண்டாம் வாரம். இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. மனிதரை மட்டும் தின்னலாம் போலிருக்கிறது.

இன்று எங்கள் காப்டிக் கோயிலின் மாதர் கூட்டத்தில் ஒதெத் எழுந்தாள். கண்களை மூடிக்கொண்டு, குரலில் தேன் தடவி, "நம்ம தாசோனி ஐரிஸோட அண்ணன் பொண்ணு மரிஹாமுக்காக எல்லாரும் ஜெபிங்க. பாவம், அதுக்கு வலிப்பு வருது. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்" என்றாள், என்னைத் தாசோனி, சகோதரி, என்று அழைத்த அதே வாயால். அவளுக்குப் பின்வரிசையில் ஃபௌஸியா அமர்ந்திருந்தாள்: மரிஹாமுக்கு நிச்சயமான கிரோலோஸின் தாய்.

கிரோலோஸுக்கு எல்லாம் தெரியும். என்னோடு வசிக்கும் மரிஹாம் அவனிடம் எதையும் மறைத்ததில்லை. தாயிடம் உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் இருவரும் சேர்ந்து சொல்வதாக இருந்தார்கள். நான் ஒதெத் ஒருத்தியிடம்தான் வாய் திறந்தேன். கல்லூரி நாள் முதல் தோழி!

மார்ச் 13

மோதிரத்தைத் திருப்பி அனுப்பும்படி ஃபௌஸியாவிடமிருந்து தொலைபேசி. "நோய்க்காக இல்ல தாசோனி, ஊரோட சேர்ந்து நானும் தெரிஞ்சுக்க வேண்டியதாச்சே, அதுக்காக." மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். நோன்பு முடியட்டும் என்கிறானாம். அவனுக்கு முதுகெலும்பும் நோன்பில் விலக்கப்பட்ட உணவு போலும்.

மரிஹாம் அழவில்லை. மோதிரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தாள். அனுப்பவும் இல்லை.

மாலை ஒதெத்தை அவள் வீட்டுப் படிக்கட்டில் மறித்தேன்.

"ஜெபம் பண்ணச் சொன்னது ஒரு குத்தமா ஐரிஸ்?"

"ஜெபத்துக்கு எதுக்குடீ பேரு? அவ யாருன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அன்பாலதான் சொன்னேன்."

"அந்த அன்ப உன் மருமக மேல காட்டேன். அவ ஏன் அம்மா வீட்டுக்குப் போனான்னு கூட்டத்துல சொல்லி ஜெபிக்கச் சொல்லேன்!"

முகம் சுண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

சாத்தான் கொம்போடு வருவான் என்று ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். எத்தனை அறியாமை! அவன் வெள்ளை முக்காடிட்டு, ஜெபப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, முதல் வரிசையில் இடம்பிடித்து அமர்ந்திருக்கிறான். குடியும் சூதும் வெளியே நின்று கதவைத் தட்டும் ஆபத்துகள். அவற்றைப் பார்த்தால் தெரியும். பக்தியின் குரலில் பேசும் வம்பை யார் அடையாளம் காண்பது? கேட்பவர்கள் "ஆமென்" என்றல்லவா முடிக்கிறார்கள்!

சமாதான வாழ்த்தின்போது பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட வேண்டும். ஒதெத் என் பக்கம் திரும்பினாள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஏப்ரல் 6

எங்கள் பாதிரியார் அபூனா சரபாமோனிடம் பாவசங்கீர்த்தனம். என் கோபம் நியாயமானது என்று விளக்கினேன். காரணம், விளைவு, சான்று என வரிசையாக. பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் தாசோனி. அவகிட்ட பேசிட்டு நற்கருணைக்கு வாங்க."

"முதல்ல அவ அந்தக் கூட்டத்துலயே எழுந்து தப்புன்னு சொல்லட்டும்."

"சொல்லலன்னா?"

எழுந்து வந்துவிட்டேன். பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவளுக்கு ஒன்றுமில்லை, நிபந்தனையெல்லாம் எனக்கா?

ஏப்ரல் 20

ஒதெத்தோடு சமாதானமாகாமலே நற்கருணை பெற வழி கிடைத்துவிட்டது. பெரிய வியாழன்! யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்ததை நினைந்து அன்றைய வழிபாட்டில் சமாதான வாழ்த்து கிடையாது. எவரும் எவர் கையையும் தொட வேண்டியதில்லை. அன்றே நற்கருணை பெற்றுக்கொள்வேன்.

மரிஹாம் அவித்த அவரைப் பருப்பை மசித்துக்கொண்டே கேட்டாள். "யூதாஸால வந்த சலுகைய நீங்க எடுத்துக்கப் போறீங்களா அத்தை?"

"உனக்காகத்தான்டீ பேசாம இருக்கேன்."

"எனக்காகன்னா வேண்டாம். எனக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல."

அடங்காப்பிடாரி.

ஏப்ரல் 25, பெரிய வியாழன்

செருப்பைக் கழற்றி, முக்காட்டைச் சரிசெய்து, பெண்களின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவளின் முதுகு பழகிய முதுகாக இருந்தது. ஒதெத். ஞாயிறு தவிர வேறு நாளில் நற்கருணை எடுத்தறியாதவள்! திரும்பினாள். என்னைப் பார்த்தாள்; நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறோம்.

"நீயுமா?" என்றாள் மெல்ல.

சிரிப்பு வந்தது, வெட்கமும். என்ன பிறவிகள் நாங்கள்? அப்பத்தை ஏமாற்றி வாங்க வந்த இரண்டு கிழவிகள். வரிசையை விட்டு விலகி வெளியேறினேன். வாசற்படியில் பின்னால் காலடி கேட்டது. அவளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் மருமகளப் பத்தி நான் பேசினது அசிங்கம்" என்றேன். "ஆனா நீ செஞ்சது அதவிட அசிங்கம். அதுல மாத்தமில்ல."

"தெரியும்" என்றாள். முதன்முறையாக வேறொன்றும் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

கூட்டத்தில் ஒதெத் எழுந்தாள். இம்முறை கண்களைத் திறந்தே வைத்திருந்தாள்.

"மரிஹாமுக்கு ஜெபம்னு நான் சொன்னது ஜெபமில்ல, வம்பு. எனக்குத் தெரிஞ்சத நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு தன்னோட நோவ, கட்டிக்கப் போறவன்கிட்ட மறைக்கல. நேரா சொன்னா. அவ யோக்கியம் எனக்கு இல்ல."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஃபௌஸியா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 3

ஃபௌஸியா ஒரு தட்டு கஹ்க் பிஸ்கோத்துடன் வந்தாள், பின்னால் கிரோலோஸ். "அவ எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னப்பறம் நான் முறுக்கிக்கிட்டா நான்தான் கெட்டவ" என்றாள். நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். மரிஹாம் பிஸ்கோத்தை வாங்கிக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள். கிரோலோஸைப் பார்த்து, "நீங்களும் யோசிங்க, உங்க வாயாலயே பேசறதுக்கு."

மே 5, ஞாயிறு

சமாதான வாழ்த்தில் தூணுக்குப் பின்னால் போகவில்லை. ஒதெத்தின் கை சில்லென்றிருந்தது. என்னுடையதும் அப்படியொன்றும் சூடாக இல்லை. நற்கருணை பெற்றுக்கொண்டேன்.

மே 14, செவ்வாய்

மரிஹாம் காலையில் இழுப்பறையைத் திறந்து மோதிரத்தை எடுத்து, நிச்சயமானவர்கள் போடும் வலக்கையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கூட்டத்தில் புதிதாக வந்த ஒருத்தி, "நம்ம பேக்கரிக்காரர் பொண்டாட்டிக்காக ஜெபிக்கணும், அவங்க வீட்ல—" என்று தொடங்கினாள்.

ஒதெத் கையை உயர்த்தினாள். "பேரு வேண்டாம்மா. ஆண்டவருக்கு விலாசம் தெரியும்."