ஒட்டவும் ஓட்டவும்

அக்கா,

நேற்று பரணிலிருந்து அந்தக் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டியை இறக்கினேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போகிற அன்று, "இத நீ வெச்சிக்கோ, ஊருல எங்க மாட்டப் போறேன்" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அதேதான். நட்சத்திரத்தின் ஒரு முனை மடங்கிக் கிடந்தது. அதைத் தூக்கினால் அடியில் ஒரு தாள் விரித்திருந்தது. எடுத்து உதறினேன், பழைய தூசி ஒரு பிடி பறந்தது. திருப்பிப் பார்த்தேன்.

"பெண்களுக்கு ஸ்கூட்டி ஒட்டக் கற்றுத் தரப்படும்."

ஓட்ட இல்லை, ஒட்ட. அதன் கீழே கொட்டை எழுத்தில் உன் பெயர். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் பேனாவால் சுழி போட்டோமே, அதிலிருந்து தப்பித்த ஒன்று இத்தனை வருடமாக நட்சத்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்ன, தனியா சிரிக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து கேட்டார். அவரிடம் எங்கிருந்து தொடங்குவது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கம், நீ காடாம்புலியூர். சுரங்க நகரியத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஊருக்கு ஊர் ஆட்கள் வந்து சேர்ந்த இடத்தில் எல்லோர் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிப் போகும். உன் பேச்சு மட்டும் மழுங்கவே இல்லை. நான் "விடு" என்றால் நீ "வுடு" என்பாய். நான் "வீடு" என்றால் நீ "வூடு". அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்வேன், நீ என் "ஏட்டி"யைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பாய்.

நம் பிளாக்கில் முதலில் ஸ்கூட்டி ஓட்டியவள் நீ. யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகவே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாய். அப்புறம் பிளாக்கே உன் பின்சீட்டில்தான் போனது. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, அரைத்து வர மில், ஞாயிறென்றால் மாதா கோயில். "நீங்களே ஓட்டுனா இன்னா? கை இல்லியா, காலு இல்லியா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவாய். அந்தச் சத்தத்திலிருந்துதான் ஆசை பிறந்தது. பெண்களுக்கு ஓட்டச் சொல்லித் தர வேண்டும், அதையே தொழிலாகச் செய்ய வேண்டும். நிழல் விழுந்த அகல ரோடுகள் நம் வீட்டு வாசலிலேயே கிடந்தன. லாரிக்கு நடுவில் புகுந்து போகிற உனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ஊர் சிரிக்குமோ என்ற பயம்.

உன் வீட்டு கேட்டில் தொங்கிய பலகையில் உன் வீட்டுக்காரரான அண்ணன் பெயர். கல்யாணப் பத்திரிகை வந்தால் அண்ணன் பெயர். உன் பெயரை எங்கேயும் எழுத்தில் பார்த்ததில்லை. "பேர போட்டு நோட்டீஸ் ஒட்டி, ஒருத்தியும் வரலன்னா? அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு கோயிலுக்குப் போவேன்?" என்றாய். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தாய். ஒரே ஒரு தாள். கோயில் அறிவிப்புப் பலகையில், கல்யாணம் நிச்சயமானவர்கள் பெயர் போடுகிற திருமண ஓலைக்குக் கீழே, மூலையில் ஒட்டுவது. யாரும் வரவில்லை என்றால் சத்தமில்லாமல் கிழித்துவிடுவது.

அந்த ஒரு தாளுக்காகத்தான் என் வீட்டுக்கு வந்தாய். அண்ணன் முதல் ஷிஃப்ட் போயிருந்தார். என் மகன் காலேஜ் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர், அவன் பெங்களூர் போன பிறகு துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. முதுகு புடைத்த மானிட்டர். அது விழித்துக்கொள்வதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிடலாம். பிரிண்டர் மட்டும் புதுசு. ரயில் டிக்கெட் எடுக்க ஆகும் என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்து, பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் காரியமாக நான் ஒயரைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் மாட்டினேன். புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது என்று திரை ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழுந்தது. பெருமையாக உன்னைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவே, இது என்ன கருவி என்று எனக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. நீ அதற்குள் பெட்டியோடு வந்த தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒயர் படத்தின்மேல் சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி.

"சிடிய போட்டு, அது கேட்ட பெறகுதான் ஒயரு மாட்டணுமாம். நீ பொண்ணு பாக்கறதுக்குள்ள தாலிய கட்டிட்ட."

ஒயரைப் பிடுங்கினோம். சிடி போடலாம் என்றால் தட்டு வெளியே வரவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். எனக்குப் பொறுமை என்பது எப்போதுமே கைக்கெட்டாத சாமான். நீ என் கையைத் தள்ளிவிட்டு, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி நிமிர்த்தினாய். தட்டுக்குக் கீழே இருந்த ஊசிக்கண் அளவுத் துளையில் விட்டு அழுத்தினாய். மகன் விட்டுப்போன ஒரு சினிமா சிடியோடு தட்டு நாக்கை நீட்டியது.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கு இன்னா தெரியும்? ஓட்டைன்னு ஒண்ணு வெச்சிருக்கான்னா எதுக்காச்சும்தானே வெச்சிருப்பான்."

அதன் பிறகு அது கேட்டதற்கெல்லாம் 'நெக்ஸ்ட்' கொடுத்தோம். ஒயரை மாட்டு என்று சொன்னபோது மாட்டினோம். பிரிண்டர் படம் திரையில் வந்துவிட்டது. நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழில் அடித்தேன். உன் பெயரை அடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாய். "சின்ன எழுத்தா போடேன்" என்றாய். நான் இன்னும் பெரிதாக்கினேன்.

பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். நீ அழுத்திப் பார்த்தாய். நான் பிரிண்டரை அணைத்துப் போட்டேன், கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன், மறுபடி அழுத்தினேன். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, தாள் தட்டில் இருந்தது, மை இருந்தது. இருந்தும் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோபத்தில் நான் பிரிண்ட் என்ற இடத்தை எத்தனை தடவை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

நீ எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாய். "வுடு ஜெயா. அதுக்கே புடிக்கல. வேணாம்னு சொல்லுது, நாமதான் கேக்க மாட்டேங்கறோம்."

உன் முகத்தில் ஏமாற்றம் இருந்திருந்தால் விட்டிருப்பேன் அக்கா. நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உட்காருக்கா பேசாம" என்று ஒரு அதட்டல் போட்டேன். திரையில் இருந்த பிரிண்டர் படத்தைப் பார்த்தேன். முதலில் பளிச்சென்று இருந்தது, இப்போது மங்கிப் போயிருந்தது. அதைத் தட்டினேன். நாம் அனுப்பிய நோட்டீஸ் ஒவ்வொன்றும் ரேஷன் கடை வாசலில் நிற்பது மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நின்றது. மேலே ஒரு பட்டியலைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு டிக். முதல் குழப்பத்தில் நானேதான் எதையோ தட்டித் தொலைத்திருக்க வேண்டும்.

"அப்பிடின்னா இன்னா?"

"எல்லாம் மாட்டியிருக்கும், ஆனா வேலை செய்ய வேண்டாம்னு ஓரமா உக்கார வச்சிருக்கு."

"என்னயே சொல்ற மாதிரி இருக்குது" என்றாய்.

டிக்கை எடுத்தேன். பிரிண்டர் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் தாள் வந்தது. கையில் எடுத்து உன் பெயரைத் தடவிப் பார்த்தாய், மை ஈரமாக விரலில் ஒட்டியது. இரண்டாவது வந்தது. மூன்றாவது. வரிசையில் நின்றதெல்லாம் வரத் தொடங்கிவிட்டது. தட்டு நிறைந்து தரையில் சரிந்து, உன் பெயர் மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், வாசல் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"வுடு. வரட்டும்."

சற்றுமுன் சொன்ன அதே "வுடு"தான். ஆனால் வேறு ஆள் சொன்ன மாதிரி இருந்தது. தட்டில் இருந்த தாள் தீர்ந்த பிறகுதான் அது நின்றது. நீ தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். பொறுக்கிக்கொண்டே வந்தவள் திடீரென்று ஒரு தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாய்.

"அடிப் பாவி! ஸ்கூட்டி ஒட்டக் கத்துத் தரப்படுமா? கோந்து யாரு வாங்கித் தரது?"

ஓ வர வேண்டுமென்றால் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், நான் அழுத்தவில்லை. "மூணு ஷிஃப்ட்டு ஓடற ஊருல இருந்துகினு ஷிஃப்ட்ட மறந்துட்டா பாரு" என்று நீ சிரிக்க ஆரம்பித்தாய். நான் விலா வலிக்கச் சுவரில் சாய்ந்துவிட்டேன். பிறகு ஆளுக்கொரு பேனா எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒகரத்துக்கும் காலடியில் சுழி போட்டோம்.

சங்கு ஊதி, ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணன் உன்னைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூடம் முழுக்க மனைவி பெயர். "இன்னா இது, எலெக்ஷன்ல நிக்கிறியா?" என்றார். நீ சட்டென்று நிமிர்ந்து, "ஆமா. ஓட்டு போடுவியா?" என்றாய். அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். நீ பேனாவை மூடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் நாலைந்து தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஷிஃப்ட் பஸ்ஸுல ஒட்டறேன். பாத்துட்டு வூட்டுல போய்ச் சொல்லுவானுங்க." அன்று நீ அவருக்கு வைத்த மீன் குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

மைதா பசை காய்ச்சி, உன் பின்சீட்டில் வாளியைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பால் பூத், பஸ் நிழற்குடை, மாவு மில், மந்தாரக்குப்பம் கடைத்தெரு வரைக்கும் போனோம். "நீ ஓட்டு, நான் ஒட்டறேன்" என்று நான் சொன்னது அன்றைக்கு ஒரு வேடிக்கை. பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது.

ஒரு வாரம் ஒருத்தியும் வரவில்லை. நீ வாசல் பக்கமே வராமல் பின்கட்டிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த திங்கட்கிழமை சத்துணவு சமைக்கிற அம்மா ஒருத்தி வந்தாள். கையில் பசையோடு பிய்ந்த நம் நோட்டீஸ். "வேற யாரும் பாத்து எடம் தீந்துடப் போவுதுன்னு கிழிச்சிகினு வந்துட்டேன்" என்றாள். நீ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து அவள் பயந்தே போனாள். அவளுக்குப் பின்னால் நர்ஸ்கள் வந்தார்கள், டீச்சர்கள் வந்தார்கள், கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் வந்தார்கள். காலையில் நம் ரோட்டில் உன் குரல்தான் சங்கு.

நான் மட்டும் பசை வாளியோடே இருந்தேன். "நீ ஒட்டிகினே இருக்கப் போறியா, எப்ப ஓட்டப் போற?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாய். அண்ணன் ரிட்டயர் ஆகி, வீட்டைக் காலி செய்ய நாள் குறித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இனி யார் பின்னால் உட்கார்வது? உன் கடைசி மாணவி நான்தான். என் அளவுக்கு யாரும் உன்னிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டுக் காடாம்புலியூர் வந்தபோது கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். "பஸ்ஸு கெடச்சிதா?" என்று கேட்டாய். நான் ஸ்கூட்டி சாவியை உன் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் தடவிப் பார்த்தாய், அன்று மை ஈரத்தைத் தடவின மாதிரி. "ஒட்டறவ ஓட்டிகினு வந்துட்டா" என்று அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

இப்போது நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முபீனா நல்ல பெண். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி, உனக்குப் பிடித்திருக்கும். "ஜெயாக்கா, எனக்கு வண்டி கத்துக் குடுங்க, பசங்கள ஸ்கூல்ல வுடணும்" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "நான் என்ன டீச்சரா? சொல்லிக்கொடுத்த ஆள் போயாச்சு" என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

நேற்று சிரித்து முடித்த பிறகு அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். பேனாவை எடுத்து, விட்டுப்போன சுழியைப் போட்டேன். உன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடக் கை வரவில்லை. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். சின்ன எழுத்தில்தான், திட்டாதே.

இன்று காலை அதை முபீனா கையில் கொடுத்தேன். அவள் படிக்காமலே கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். "எத்தனை காப்பிக்கா?" ஒண்ணு போதும் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட, தாள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. முதல் தாளை எடுத்துப் படித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. கை மட்டும் மெஷின்மேலேயே இருந்தது.

"நிறுத்தட்டுமாக்கா?"

"வுடு. வரட்டும்" என்றேன், தென்காசிக்காரி.