நத்தமேட்டில் பன்னிரண்டு வீடுகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திண்டிவனத்தில் முதல் பஸ். அனந்தபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. பனமலை ஏரிக்கு மேற்கே நத்தமேடு. ஒரு காலத்தில் ஊர், இப்போது வேலிகாத்தான் முள். வெள்ளிக்கிழமை சமன் செய்து கரும்பு வைக்கப்போகிறாராம் நிலத்துக்காரர். அதற்குள் என் அளவுக் குறிப்பு தொல்லியல் ஆபீசுக்குப் போனால் தடுக்கலாம். ஆபீசில் யாருக்கு அவசரம்?

முள் வெட்ட அஞ்சலை. காணை ஊர்ப் பக்கம், கூலி வேலை. அவளுடைய பூட்டன் இங்கே குடியிருந்தவராம். பேதி வந்து ஒரே நாளில் ஊர் காலி.

பார்த்தவை: வீட்டு அடித்தளம் 9. அடுப்பு 4. பானை ஓடு ஏராளம். கல் உரல் 1, கவிழ்த்த நிலையில்.

உரல் குழியின் ஆழம் அளக்க அதைக் கடப்பாரையால் நெம்பி நிமிர்த்தினேன். அஞ்சலை தள்ளிப் போய் நின்றாள்.

"ஊரை உட்டுப் போறப்போ கவுத்துட்டுப் போவாங்க மேடம். நிமித்தி வெச்சா, போனவங்கள வாங்கன்னு கூப்ட்ட மாதிரி."

சிரித்தேன்.

6, புதன்

மூட்டம். குடை மறந்தேன். தலைவலி மாத்திரை வாங்கணும்.

அடித்தளம் 10. நேற்று ஒன்றை விட்டிருப்பேன்.

உரல் குழியில் கேப்பைத் தவிடு. புதுசு. பக்கத்தில் வீடே இல்லை. யாரோ செய்த விளையாட்டு என்று எழுதி வைக்கிறேன். நம்பவில்லை.

அஞ்சலையைக் கேட்டேன். "நான் இன்னாத்துக்கு இங்க வந்து கேப்பை இடிச்சிக்கினு இருக்கப்போறேன்?"

வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"எங்க ஆளுங்க இங்க வாழ்ந்தாங்கன்றதுக்கு இந்தக் கல்லு தவிர வேற இன்னா மேடம் இருக்குது?"

வெட்கமாகிவிட்டது. மீதியை அளந்தேன்.

7, வியாழன்

அடித்தளம் 12. டேப் பிடித்ததும் நான், எழுதியதும் நான். பயமாக இருக்கிறது. வேறு சொல் தேட வேண்டாம்.

குறிப்பு, படங்கள் அனுப்பியாயிற்று. ஆபீசுக்குப் போன். "அய்யா லீவுங்க. திங்கக்கெழம பாப்பாரு."

அஞ்சலையிடம் சொன்னேன். "திங்கக்கெழம பாக்க இன்னா இருக்கும்?"

நாளைக் காலை நாமே போய் மேட்டின் முன்னால் நிற்போம் என்றேன்.

8, வெள்ளி

காலை எட்டு மணி. நல்ல வெயில். மேட்டின் முன்னால் நானும் அஞ்சலையும் மட்டும். பொக்லைன் ஏரிக்கரை வழியாக வந்தது. ஓட்டுபவர் நரைத்த மீசை, வெளியூர். முதல் கல்வரை வந்து எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. எங்களைத் தாண்டி மேட்டையே பார்த்தார்.

"காலி எடம்னு சொன்னாங்களே மேடம். வீட்டுக்கு வீடு ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க. மொதல்ல அவங்கள வெளிய வரச் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அஞ்சலை பார்த்தாள். நிதானமாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை.

"வரமாட்டாங்கண்ணா. நீங்க வண்டியத் திருப்புங்க."